கடைசி வீட்டு அங்கணம்

போடியில் நாங்கள் குடியிருந்த வளவில் வரிசையாக ஐந்து வீடுகள். மலைப் பக்கம் மேடு, தெருப் பக்கம் பள்ளம். எங்களுடையது பள்ளத்துக் கடைசி வீடு. மற்ற வீடுகளைவிட அதில் ஏன் எப்போதும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது என்று குடிபோகும்போது நான் கேட்கவில்லை. போன பிறகு கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படி மூலையில் ஓர் அங்கணம் உண்டு. முழங்கால் உயரத்துக்கு மறைப்பு கட்டி, தரையைச் சரிவாகப் பூசிய இடம். பாத்திரம் விளக்குவது, அரிசி களைவது, பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்வது எல்லாம் அங்கேதான். முன்பு அந்தத் தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் திறந்த வாய்க்காலில் ஓடியதாம். வளவுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா கொசுவுக்குப் பயந்து, அதை மூடிவிட்டு ஐந்து அங்கணத்துக்கும் அடியில் ஒரே சிமெண்டுக் குழாயாகப் பதித்துவிட்டார். மேட்டு வீட்டில் தொடங்குகிற குழாய் ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, எங்கள் அங்கணத்துக்குக் கீழே வந்து, சுவரைத் தாண்டித் தெருச் சாக்கடையில் விழும். ஐந்து வீட்டுக் கசடும் சேர்ந்து எங்கள் வீட்டைத் தாண்டுகிற இடத்தில்தான் அடைக்கும், அடைத்தால் முதலில் தெரிவது எங்கள் வீட்டில்தான். மேட்டு வீட்டு அக்கா சோறு வடித்தால் அந்தக் கஞ்சி எங்கள் அங்கணத்தில் பொங்கும். யாரோ தலைமுழுகிய சீயக்காய்ச் சக்கையும், யாருடையது என்று தெரியாத முடியும், ஞாயிற்றுக்கிழமையானால் கறிக்கொழுப்பும் மேலே மிதந்து வரும்.

இதெல்லாம் எந்த வளவிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அது உயிர்ப் பிரச்சினையானதற்குக் காரணம் என் வீட்டுக்காரருடைய நெஞ்சு.

அவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். பீப்பாயில் மருந்தைக் கலக்கி வைத்து ஒருவர் பம்பை அடிப்பார், இன்னொருவர் நீளக் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிச் செடியாகப் போவார். குழாய் நுனியில் பித்தளை மூக்கு ஒன்று இருக்கும். தண்ணீரில் தூசி இருந்தால் அந்த மூக்கு அடைத்துக்கொள்ளும். உடனே கழற்றி, வாயில் வைத்து ஊதி, திரும்ப மாட்டிவிட்டு மேலே போவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதை யாரும் விஷம் என்று சொன்னதில்லை. மருந்து என்றுதான் பேர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார். சட்டையைத் தனியாக ஊறப்போட்டுத் துவைப்பேன். துவைத்த கை இரண்டு நாள் காந்தும். அதையும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் அவரை ஜீப்பின் பின்னால் சாக்குமேல் படுக்கவைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டர், உள்ளே வெந்து போயிருக்கிறது, இனி புகை, தூசி, காரநெடி எதுவும் இவர் பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதோடு மலை வேலை முடிந்தது. நான் ஏலக்காய் சேர்த்துவைக்கிற கிட்டங்கிக்குக் காய் தரம் பிரித்துப் பொறுக்கப் போனேன். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

வீட்டில் ஊதுபத்தி நின்றது. பினாயில் நின்றது. மிளகாய் தாளிக்க வேண்டியிருந்தால் கரி அடுப்பை வாசலுக்குத் தூக்கிப்போய் அங்கே தாளித்துக்கொண்டு வருவேன். என்னால் ஆனது அவ்வளவு. தரைக்கு அடியில் ஓடுகிற குழாயை நான் நினைக்கவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் கிட்டங்கியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். மேட்டு வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். தலை கலைந்து, முந்தானை ஈரமாக, செருப்பில்லாமல் வந்திருந்தாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். புருசன் துணிக்கடையில் கணக்குப் பிள்ளை. சத்தமாகப் பேசுகிறவள். அன்று சத்தமே வரவில்லை.

"வெரசா வாத்தா. உன் வீட்டுக்காரருக்கு மூச்சு நிக்கிது."

போகிற வழியில்தான் சொன்னாள். குழாய் அடைத்துக்கொண்டது என்று வீட்டுக்காரம்மா ஓர் ஆளை வரச்சொல்லியிருக்கிறார். அவன் நகைப்பட்டறையிலிருந்து ஒரு பீங்கான் சாடி நிறைய ஆசிட்டு வாங்கிவந்து மேட்டு வீட்டு அங்கணத்தில் ஊற்றியிருக்கிறான். ஊற்றிய இடத்தில் ஒன்றும் இல்லை. அது குழாய் வழியாக இறங்கி வந்து, அடைப்பில் மோதி, எங்கள் அங்கணத்து ஓட்டை வழியாக வெள்ளைப் புகையாக மேலே வந்திருக்கிறது. அவர் அடுப்படிக்கு அடுத்த அறையில் படுத்திருந்தார். எழுந்து வாசலுக்கு வரப் பார்த்தவர் நிலைப்படியிலேயே விழுந்துவிட்டார். அக்காதான் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய், அக்குளில் கைகொடுத்து அவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள்.

நான் போனபோது தெருவில் கட்டிலில் கிடந்தார். உதடு கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

ஆஸ்பத்திரியில் பத்து நாளுக்கு மேல் இருந்தோம். திரும்பி வந்தபோது தெருமுனையிலிருந்து வீடு வரை நடக்க இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது இடம் எங்கள் குழாய் சாக்கடையில் விழுகிற இடம். அங்கே சின்னத் தவளைகள் நாலைந்து வயிறு மேலே தெரியக் காய்ந்து கிடந்தன. அவர் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் மருந்தடித்த மறுநாள் ஓடையில் நண்டும் தவளையும் இப்படித்தான் மிதக்கும் என்றார். அதைக் குச்சியால் தள்ளி விளையாடிக்கொண்டே தண்ணீர் மொண்டு குடிப்பார்களாம். ஆசிட்டு ஊற்றினவனைப் பற்றியோ ஊற்றச் சொன்னவரைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் வீட்டுக்காரம்மாவிடம் போனேன். அவர் புருசன் இல்லாதவர், அந்த ஐந்து வீட்டை வைத்துத்தான் காலம் தள்ளினார். கெட்ட மனுசி இல்லை. நடந்ததுக்கு அழுதார். ஆனால் குழாயைத் தோண்டி எடுத்துத் திரும்பவும் வாய்க்கால் போட முடியாது என்றார். அடைத்தால் வேறு என்னதான் செய்வது என்று என்னையே கேட்டார்.

"ஆசிட்டு வேண்டாம்மா. குழாய நான் பாத்துக்கிறேன்."

"என்னத்த வச்சுப் பாப்ப?"

பாத்துக்கிறேன் என்று மட்டும் திரும்பச் சொன்னேன். தண்ணீர் தேங்கி மற்ற வீட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த சில மாதங்கள் அந்த ஓட்டைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தே கழிந்தன. முதலில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கும், மறுநாள் பழையபடி நிற்கும். வெந்நீர் கொழுப்பை உருக்கி உள்ளே தள்ளுகிறது, அது கொஞ்ச தூரம் போய் ஆறி, முன்னைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது என்று பிறகு புரிந்தது. அடுப்புச் சாம்பலை ஊறவைத்துத் தெளிந்த காரத்தண்ணியை ஊற்றினேன். எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு அசைந்து கொடுத்தது. ஆனால் சாம்பலைச் சரியாகத் தெளியவிடாமல் ஒருநாள் அவசரத்தில் ஊற்றியதில் வண்டலும் சேர்ந்து போய், இருந்த அடைப்பு இரண்டு மடங்கானது. அன்று முழுக்க ஐந்து வீட்டுத் தண்ணியையும் வாளி வாளியாக மொண்டு தெருவில் கொட்டினேன்.

பலகாரத்துக்கு வாங்கி வைத்த ஆப்ப சோடாவில் ஒருநாள் பழைய சோற்று நீச்சத்தண்ணி சிந்தி நுரைத்ததைப் பார்த்துத்தான் அது தோன்றியது. ஓட்டையில் ஒரு கை சோடாவைப் போட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்த நீச்சத்தண்ணியில் கடாரங்காயைப் பிழிந்து அதன்மேல் ஊற்றினேன். உஸ்ஸென்று பொங்கி என் முகத்துக்கே வந்தது. நெடி இல்லை, புளிச்ச வாடைதான். பொங்குவது மேலே வந்து என்ன பயன் என்று, அடுத்த தடவை ஊற்றின கையோடு ஈரச் சாக்கை மடித்து ஓட்டையை அழுத்தி மூடினேன். பொங்கியது கீழ்நோக்கிப் போனது. உள்ளே குழாயில் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. அரைமணி கழித்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கணத்துக்காக அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முடிக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. சோடா, சாம்பல், புளிப்பு எதற்கும் அது கரையாது. அதை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரரே ஒரு வழி செய்தார். பச்சை மூங்கிலைப் பிளந்து, விரல் அகலத்துக்கு நீளப் பிளாச்சாகச் சீவி, நுனியில் பக்கவாட்டில் சின்னச் சின்ன முள்ளாகக் கீறிவிட்டார். உள்ளே தள்ளி ஒரு சுற்று சுற்றி இழுத்தால் முடி அதில் சிக்கி, ஈர எலி மாதிரி உருண்டையாக வரும். நான் இழுக்கும்போது அவர் வாசலில் உட்கார்ந்து என்ன வந்தது என்று கேட்பார். அந்த நாட்களில் அவர் முகத்தில் வேலைக்குப் போகிற மனிதனின் தெளிவு கொஞ்சம் இருந்தது.

வாரத்துக்கு ஒருமுறை, அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் இந்த வேலையைச் செய்வேன். சோப்பு மாதிரி நுரைக்கிற பூந்திக்கொட்டை கொதிக்கவைத்த தண்ணியை ஒவ்வொரு வீட்டு அங்கணத்திலும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கொடுத்து வருவேன். தலைமுழுகினால் முடியை ஒதுக்கி எடுங்கள், கறிச்சட்டியைச் சாம்பலால் துடைத்து அந்தச் சாம்பலைக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். அவர்கள் முகத்துக்கு நேரே சரி என்றார்கள். என்னைப் பார்த்ததும் அங்கண மேஸ்திரி வருது என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தன. பெரியவர்கள் சொல்லாமல் பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வரும். மேட்டு வீட்டு அக்கா மட்டும் ஒருநாள் வாய்விட்டே சொன்னாள், தன் வீட்டில் தன் சட்டியைக் கழுவ இன்னொருத்தியிடம் சட்டம் கேட்கவேண்டியிருக்கிறது என்று. அதில் தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதோடு, அவரை இழுத்துக் காப்பாற்றினவள் அவள். அவளிடம் எதையும் கண்டித்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்படியே ஒன்றரை வருசத்துக்கு மேல் ஓடியது. அடைப்பு விழும், எடுப்பேன். விழும், எடுப்பேன்.

அக்காவின் மூத்த மகள் வயசுக்கு வந்தாள். சடங்கை வளவிலேயே பந்தல் போட்டுச் செய்ய ஏற்பாடு. மறுநாள் காலையில் ஊர் உறவு எல்லாம் வருகிறது, வளவுக்குள்ளேயே சமையல். முதல்நாள் மத்தியானமே வந்திறங்கிய உறவுக்காரப் பெண்கள் அத்தனை பேரும் அக்கா வீட்டு அங்கணத்தில் தலைமுழுகி, அண்டா அண்டாவாகப் பாத்திரம் கழுவி, அரிசி களைந்து ஊற்றியிருக்கிறார்கள். நான் கிட்டங்கியிலிருந்து வரும்போது குழாய் முழுக்க நின்றுவிட்டது. எங்கள் அங்கணம் நிரம்பி அடுப்படித் தரைக்கு வந்துவிட்டது. மேலே நான்கு வீடுகளிலும் தண்ணீர் நின்றது. பந்தலுக்குள் சாக்கடை வாடை.

அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே அவள் தம்பி, கையில் சாடியோடு. அவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார்.

நான் கொஞ்சம் பொறுங்கள், இருட்டுவதற்குள் எடுத்துவிடுகிறேன் என்றேன். அவரை வேண்டுமானால் ஒரு நாளைக்கு வேறே எங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள் என்று அவள் தம்பி சொன்னான். அவரால் தெருமுனை வரைகூட நடக்க முடியாது, நெடி சுவரில் நாள் கணக்கில் தங்கும் என்றேன். பேச்சு ஏறிக்கொண்டே போனது. அக்காவுக்கு அன்று காலையிலிருந்து எத்தனையோ இடி. சமையல்காரர் பிரச்சினை, மாமன் வீட்டுச் சீர்ப் பிரச்சினை. அதெல்லாம் சேர்ந்து அந்த இடத்தில் வெடித்தது.

"ஒத்த ஆளு மூச்சு விடணும்னு அஞ்சு வீடும் பீயில நிக்கணுமாக்கும்."

சொன்ன உடனே அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. தம்பியைச் சாடியோடு அப்படியே தெருவுக்கு அனுப்பினாள். பிறகு என்னைப் பார்க்காமல், வெந்நீர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள்.

சமையலுக்கு வைத்திருந்த பெரிய அடுப்பிலேயே அண்டாவை ஏற்றினோம். வீட்டில் இருந்த சோடா போதாமல் கடையிலிருந்து பொட்டலம் வாங்கிவரச் செய்தாள். நான் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு எங்கள் அங்கணத்தில் இறங்கி, தேங்கியதை முதலில் மொண்டு கொட்டினேன். பிளாச்சை முழங்கை வரை உள்ளே விட்டு இழுத்தேன். முடி வந்தது, வாழைநார் வந்தது, பாதிச் சீப்பு ஒன்று வந்தது. அதற்கப்புறம் சோடா, புளிச்ச தண்ணி, சாக்கு. அக்கா மேட்டு வீட்டில் நின்று அங்கிருந்து வெந்நீர் ஊற்றினாள். முதல் தடவை இறங்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை சாக்கைத் தூக்கியதும் குழாய்க்குள்ளே ஏப்பம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நின்ற தண்ணீர் மொத்தமும் குழிந்து உள்ளே போனது. தெருவில் அது விழுகிற சத்தம் கேட்டு யாரோ கைதட்டினார்கள். அப்போது விளக்கு வைக்கிற நேரம்.

சடங்கு நன்றாக நடந்தது. அக்கா இலையில் எல்லாம் எடுத்துவைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து, நல்லா இருக்கு தாயி என்று சொல்லி, பாயசத்தை மட்டும் சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கட்டில் காலி. மடித்து வைத்த போர்வை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில், அவர் ஒரு மாட்டுவண்டிக்காரரை நிறுத்தி ஏறிப் பஸ் ஸ்டாண்டு போனார் என்றார்கள். மஞ்சப்பையில் வேட்டியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவருக்குப் போக இருந்த இடம் ஒன்றுதான். தேவாரத்தில் அவர் அக்கா, என் மதினி, தோட்டத்து வீட்டில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மதினி வீட்டில் அங்கணம், குழாய் எதுவும் இல்லை. கழுவின தண்ணி வாசல் ஓரமாக ஓடி வாழைக்குப் போகிறது. முந்தின வாரம் யானை வந்து பக்கத்துத் தோட்டத்தில் பாதி வாழையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அதைத்தான் மதினி என்னிடம் முதலில் சொன்னார். பிறகு தண்ணி கொண்டுவரப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

வாங்க போவோம் என்றேன். அவர் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சொல்லாமல் வந்தது தப்புதான் என்றார். சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன் என்றார். அந்தக்கா கோவத்தில் சொன்னது, அவளே அதற்கு வருத்தப்படுகிறாள், அதை மனசில் வைக்காதீர்கள் என்று நான் மன்றாடினேன்.

"அந்தம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்ல புள்ள. அவ சொன்னது நெசந்தான். நீயும் பாதி நாளு அந்த ஓட்டையிலதான் கெடக்க. உன் கையப் பாரு."

என் கை சோடாவிலும் சாம்பலிலும் வெளுத்து, விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருந்தது. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"இங்க மூச்சு நல்லா வருது" என்றார்.

வந்து நான்கு நாளில் முகத்தில் அந்தக் கத்திரிப்பூ நிறம் குறைந்திருந்தது. பேச்சின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கவில்லை. என்னோடு இருந்தபோது ஒன்றரை வருசமாக அவருக்கு அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. அதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. ஒரு வேப்ப மரத்தின் மேல் பொறாமை.

நாங்களும் அங்கேயே வந்துவிடுகிறோம் என்றேன். மகள் பள்ளிக்கூடம், கிட்டங்கி வேலை எல்லாம் போடியில் இருக்கிறது, மதினி வீட்டிலும் வானம் பார்த்த பிழைப்புதான், மூன்று பேரும் வந்து உட்கார முடியாது என்று அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். அதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது. கடைசிப் பஸ்சுக்கு மகளை இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் தேவாரத்திலிருந்து போடி வரை அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாரம் என்று ஆகிவிட்டது. பொங்கலுக்கும் சித்திரைக்கும் அவர் போடிக்கு வந்து இரண்டு மூன்று நாள் இருப்பார். அவர் எந்த நாளில் வேண்டுமானாலும் வரலாம் என்று குழாயை நான் விடாமல் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா, இப்போதுதான் அவர் இல்லையே, ஒருதரம் ஆசிட்டு விட்டால் ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை என்று இரண்டொரு முறை சாடையாகச் சொன்னார். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். அந்த நெடி ஒருமுறை ஏறிவிட்டால், அவர் இனி திரும்ப வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம்.

அக்காவும் நானும் பேசிக்கொண்டோம். உப்பு புளி கடன் வாங்கிக்கொண்டோம். அந்த ஒரு பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிச்சட்டியை அவள் சாம்பல் போட்டுத் துடைப்பதை ஒருநாள் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் தேவாரத்தில் நான்கு வருசம் இருந்தார். அங்கே இருந்ததால்தான் அந்த நான்கு வருசம் என்று டாக்டர் சொன்னார். ஒரு பனிக்காலத்தில், வார நாள் ஒன்றில், காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். மதினி பஸ்சில் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். நான் முறத்தில் காயோடு இருந்தேன். கூட இருந்த பெண்கள் முறத்தைக் கையிலிருந்து வாங்கிவைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்து ஓரத்திலேயே அடக்கம் செய்தோம். அவர் படுத்திருந்த கட்டிலை மதினி எனக்குத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

காரியம் முடிந்து போடிக்கு வந்து சில நாளில் குழாய் அடைத்துக்கொண்டது. அவ்வளவு நாள் யாரும் பார்க்காமல் கிடந்ததல்லவா. நான் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். அங்கணத்தில் தண்ணீர் ஏறுவது தெரிந்தது, எழுந்திருக்க மனம் இல்லை. வீட்டுக்காரம்மா வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். இனிமே உனக்கும் எதுக்குத்தா இந்தப் பாடு, ஆள வரச்சொல்லட்டுமா என்றார். அவர் கேட்டதில் அன்புதான் இருந்தது. எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அக்கா பின்னால் வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

"ஆசிட்டெல்லாம் வேண்டாம். அந்த நாத்தம் எனக்கு ஆகாது" என்றாள். வீட்டுக்காரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று வளவுக்கே தெரியும்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய் அலமாரியில் சோடா டப்பாவைத் தேடினாள். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. அவளை நான் மன்னித்தேனா என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, உப்புச் சாடிக்குப் பின்னால் என்றேன். பிறகு எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.